கெலமங்கலம் பஸ்ஸில் மூன்று துறைகள்

குரூப் ஃபோர் தேர்வை எழுதி எழுதிக் கோட்டை விட்டவள் நான். ஒவ்வொரு தடவையும் கணக்கு காலை வாரிவிட்டது. அந்தப் படிப்பில் என்னிடம் மிஞ்சியது அரசியலமைப்புப் பாடம் மட்டும்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஷரத்து எண்ணோடு சொல்வேன். ஓசூரில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில், வருகிற பாகத்தை கேஜ் வைத்துப் பார்த்து ஓகே, ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுகிறவளுக்கு இந்த அறிவால் என்ன பிரயோசனம்? ஆனாலும் கஷ்டப்பட்டுப் படித்ததை எங்கேயாவது கொட்டாமல் இருக்க முடியுமா? நான் கொட்டிய இடம் கம்பெனி பஸ்.

சொந்த ஊர் எனக்கு விருதுநகர் பக்கம். கல்யாணமான புதிதில் ஓசூரிலேயே குடியிருந்தோம். வாடகை ஏற ஏற நாங்கள் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் கெலமங்கலத்தில் வந்து நின்றோம். விடியுமுன் அங்கே கிளம்புகிற பஸ் உத்தனப்பள்ளி சுற்றி, சானமாவுக் காட்டை ஒட்டிப் போய், எங்களை ஓசூர் தொழிற்பேட்டையில் இறக்கிவிடும். தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், உள்ளூர்த் தமிழ் பேசுகிறவர்கள், பிழைக்க வந்த என்னைப் போன்ற தெக்கத்திக்காரர்கள் என்று எல்லாரும் அதில் உண்டு. அந்த பஸ்ஸில் சண்டை இல்லாத நேரம் என்றால் அது எல்லாரும் தூங்குகிற நேரம்தான்.

பஸ்ஸுக்கு இன்சார்ஜ் ஒருவர் இருந்தார். மெஷின் ஷாப்பில் லைன் லீடர், ஐம்பதை நெருங்குகிறவர், பக்கத்து ஊர்க்காரர். வீட்டில் தெலுங்கு, டிரைவரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ். ஒரு காலத்தில் இந்த வழியில் கம்பெனி பஸ்ஸே கிடையாது. ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்த ஆட்களுக்காக, நிர்வாகத்திடம் நடையாய் நடந்து பஸ் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அந்த நன்றியில், அவர் சொல்வதுதான் சட்டம் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சட்டங்களும் சாமானியமானவை இல்லை. முன்வரிசையில் உட்காருகிறவர்கள் தூங்கக் கூடாது, டிரைவருக்கு அது தொற்றிக்கொள்ளும். கருவாட்டு டப்பாவை பஸ்ஸுக்குள் திறக்கக் கூடாது. பாட்டு ஒரு நாள் தமிழ், ஒரு நாள் தெலுங்கு, ஒரு நாள் கன்னடம். இதையெல்லாம் ராத்திரி படுக்குமுன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார். காலையில் டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அவரே அமல்படுத்துவார். அவர் "ரைட்" சொன்னால்தான் வண்டி நகரும். யாராவது மீறினால் விசாரணையும் அவரே, தீர்ப்பும் அவரே. கம்பெனி கேட் வருவதற்குள் வழக்கு முடிந்துவிடும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம், ஆனால் நல்ல மனிதர். ஒரு நாள் தமிழ்ப்பாட்டு நாளில் கன்னடப் பாட்டு ஓடியதற்கு டிரைவரையே ஒரு வாரம் பாட்டில்லாமல் ஓட்ட வைத்தார். தண்டனை எங்கள் எல்லாருக்கும்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அவர் போட்ட சட்டங்களிலேயே கறாரானது நேரச் சட்டம். எந்த நிறுத்தத்திலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பஸ் நிற்காது. மூன்று தடவை பஸ்ஸைக் காக்க வைத்தவருடைய நிறுத்தம் ரத்து. இதில் ஒரு நியாயம் இருந்தது. பஸ் பிந்தினால் கம்பெனி கேட்டில் அத்தனை பேருக்கும் அரை நாள் லீவு விழும். யாரோ ஒருத்தர் தலை வாரிக்கொண்டிருந்ததற்காக நான் அரை நாள் இழப்பேனா? நானும் அந்தச் சட்டத்துக்கு குரூப்பில் கட்டைவிரல் காட்டியவள்தான்.

சானமாவுக் காட்டோரம் ஒரு திருப்பம் உண்டு. அங்கே ஏறுகிறவள் ஒருத்திதான். பேக்கிங் செக்ஷனில் வேலை. அவளுடைய ஊர் ரோட்டிலிருந்து உள்ளே, ராகிக் காட்டுக்கு நடுவே நடந்து வர வேண்டும். அவள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை மாட்டிய முதல் ஆள் இவள். அந்த அட்டையை பஸ்ஸில் ஏறும்போதே சேலைக்கு மேலே தெரிகிற மாதிரி எடுத்துப் போட்டுக்கொள்வாள். நாங்களெல்லாம் கேட்டில் கேட்டால்தான் எடுப்போம்.

அந்தத் திருப்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. செல்போனுக்கு அங்கே சிக்னல் கிடையாது. அதனால் பாதையில் வந்துகொண்டிருக்கும்போதே அவள் டார்ச்சை அடித்துக் காட்டுவாள். இருட்டில் வெளிச்சம் ஆடினால் ஆள் வருகிறது என்று டிரைவர் நிறுத்துவார். வெளிச்சம் இல்லையென்றால் அன்றைக்கு லீவு என்று அர்த்தம்.

ராகி அறுப்புக் காலத்தில் யானைகள் காட்டை விட்டு இறங்கின. வருஷா வருஷம் வருகிற விருந்தாளிகள்தான், ஆனால் அந்த வருஷம் அவள் வருகிற பாதையிலேயே டேரா போட்டுவிட்டன. இரண்டு நாள் அவள் சுற்றுவழியில் ஓடிவந்து பஸ்ஸைக் காக்க வைத்தாள். மூன்றாவது தடவை வெளிச்சமே தெரியவில்லை. முந்தின நாட்களை நினைத்து டிரைவர் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தார். டிரைவர் கிளம்பப் போன நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து ஏறினாள். அன்றைக்கு நாங்கள் கேட்டுக்குப் போனபோது மணி அடித்துவிட்டிருந்தது. எல்லாருக்கும் அரை நாள் போயிற்று.

மறுநாள் சனிக்கிழமை. இன்சார்ஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து அந்தத் திருப்பத்தில் பஸ் நிற்காது, அவள் உத்தனப்பள்ளிக்கு வந்து ஏறிக்கொள்ளலாம். உத்தனப்பள்ளிக்கு வர வேண்டும் என்றால் இன்னும் அதிகமாகக் காட்டோரம் நடக்க வேண்டும். அவள் எழுந்து நின்று மெதுவாகச் சொன்னாள்.

"லைட்டு அடிச்சா ஆனை இந்தப் பக்கம் திரும்பும்ணா. அதான் அணைச்சிட்டு அப்படியே நின்னுனு இருந்தேன்."

இன்சார்ஜ் அவளைத் திட்டவில்லை. ஆனைக்கு ஒரு சட்டம், ஆளுக்கு ஒரு சட்டம் என்று ஆரம்பித்தால் நாளைக்கு ஒவ்வொருத்தரும் ஒரு ஆனையோடு வருவார்கள் என்றார். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. உன் வாய் மட்டும் ஷிஃப்ட்டுக்கு முன்னாலேயே பஞ்ச் அடித்துவிடுகிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அது உண்மைதான்.

"அண்ணே, சட்டம் போட்டவரும் நீங்க, வண்டிய நிறுத்துறவரும் நீங்க, தீர்ப்புச் சொல்றவரும் நீங்க. அரசாங்கத்துலயே இதுக்கு மூணு துறை தனித்தனியா வச்சிருக்காங்க" என்றேன். அதோடு விட்டேனா? சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் என்று ஆரம்பித்து, மூன்றும் ஒரே கையில் இருந்தால் கேட்க ஆளில்லாமல் போய்விடும் என்பதைப் பள்ளிக்கூடப் பரீட்சையில் ஐந்து மதிப்பெண் விடை எழுதுகிற மாதிரி விரிவாகச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் ஒரு தடவைகூட அவ்வளவு நன்றாக எழுதியதில்லை.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "சரிம்மா, எல்லாத்தையும் நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, கடைசி வரிசைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நிறுத்தத்தில் ஆட்கள் ஏறிய பிறகும் வண்டி நகரவில்லை. டிரைவர் "ரைட்"டுக்காகக் காத்திருந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைசியில் யாரோ ஒருத்தர் தூக்கக் கலக்கத்தில் "ரைட்" என்று சொல்ல, பஸ் கிளம்பியது.

ஞாயிற்றுக்கிழமை கெலமங்கலத்தில் ஒரு பேக்கரி வாசலில் கூடினோம். இன்சார்ஜையும் தாஜா செய்து கூட்டிவந்துவிட்டார்கள். நான் பாடப்புத்தகத்தைக் கொண்டு போகாத குறை. பஸ்ஸில் போகிற அத்தனை பேரும் சேர்ந்ததுதான் சட்டமன்றம், சட்டம் போடுவதும் மாற்றுவதும் கை தூக்கித்தான். வண்டியை நிறுத்துவதும் எடுப்பதும் வழக்கம்போல இன்சார்ஜ். குற்றம் யார் மேல் என்று விசாரிக்கத் தனியாக ஒரு பெஞ்ச். அது முடிவு சொல்கிற வரை காட்டோரத் திருப்பத்தை ரத்து செய்ததற்கு ஸ்டே, அதாவது இடைக்காலத் தடை. ஸ்டே என்ற வார்த்தை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பன் சாப்பிடுகிறவர்கள்கூட அதற்கு ஒரு ஸ்டே போட்டுவிட்டு டீ குடித்தார்கள்.

பெஞ்சுக்கு ஆள் போடும்போதுதான் தகராறு வந்தது. பாட்டுக்கு உள்ள நியாயம் தீர்ப்புக்கும் வேண்டும், தெலுங்குக்கு ஒருவர், கன்னடத்துக்கு ஒருவர், தமிழுக்கு ஒருவர் என்றார்கள். எங்கள் பஸ்ஸில் எதற்கும் அதுதான் வழக்கம், நானும் தலையாட்டினேன். ஆனால் எந்தத் தமிழ்? உள்ளூர்க்காரர்கள் தெக்கத்தித் தமிழைத் தமிழென்றே ஒப்புக்கொள்ளவில்லை, பாதி புரியவில்லை என்றார்கள். எங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைசியில் தமிழுக்கு இரண்டு ஆள் போட்டுச் சமாதானமானோம். கன்னடம் பேசுகிற கேன்டீன் அக்கா, தெலுங்கு பேசுகிற ஃபிட்டர், உத்தனப்பள்ளியில் ஏறுகிற உள்ளூர்ப் பெண் ஒருத்தி, தெற்கிலிருந்து வந்து பெயின்ட் ஷாப்பில் வேலை செய்கிற தூத்துக்குடி அண்ணாச்சி. ஆக நான்கு பேர். நான்கு இரட்டைப்படை என்பது அங்கிருந்த ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. நாற்காலிக்கு ஆள் போடுவதிலேயே பொழுது போனதால் சட்டத்தையும் யாரும் தொடவில்லை. எனக்குக் கணக்கு வராது என்று முதலிலேயே சொன்னேன்.

திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்து திரும்புகிற பஸ்ஸில் விசாரணை நடந்தது. நான்கு விதமாகக் கேள்வி கேட்டார்கள், அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கூடவே ஒன்றும் சொன்னாள். இன்னொரு தடவை பஸ்ஸை விட்டுவிட்டு வீடு திரும்பினால் அதோடு கம்பெனிக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பழையபடி கூலிக்கு வா என்று மாமியார் சொல்லிவிட்டாராம். அவள் வீட்டுக்காரரும் அதைத் தடுக்கவில்லையாம்.

"பஸ்ஸு நின்னாத்தாங்க எனக்கு வேலை. எனக்கு இந்த வேலை வேணும்" என்றாள்.

கேன்டீன் அக்காவும் உள்ளூர்ப் பெண்ணும் அவள் மேல் குற்றமில்லை என்றார்கள். ஃபிட்டர், சட்டத்தில் யானையைப் பற்றி ஒன்றுமில்லையே என்றார். அண்ணாச்சியாவது நம் ஊர்ப்பக்கத்து ஆள், இரக்கப்படுவார் என்று நம்பியிருந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூன்று தடவை என்று எழுதியிருக்கிறது, மூன்று தடவை நடந்திருக்கிறது, மனசாட்சிப்படி தன்னால் இல்லை என்று சொல்ல முடியாது என்றார். இரண்டுக்கு இரண்டு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதையாக, நான் கட்டிய நீதிமன்றம் முதல் வழக்கிலேயே குடை சாய்ந்தது.

எல்லாத் தலைகளும் பழைய பழக்கத்தில் இன்சார்ஜ் பக்கம் திரும்பின. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேசும்போது அவர் முகத்தைக் கவனித்திருந்தேன், மனசு இளகியிருந்தது நிச்சயம். நான் எழுந்து அவர் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் கெஞ்சினேன்.

"அண்ணே, இந்த ஒரு தடவை மட்டும் நீங்களே சொல்லிருங்க. நீங்க சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கிண்டல் இருந்ததாகத்தான் முதலில் நினைத்தேன். இல்லை.

"சனிக்கிழமை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்மா. இப்ப அது என் வேலை இல்ல. உனக்குப் பிடிச்ச தீர்ப்புன்னா நான் சொல்லலாம், பிடிக்கலன்னா சொல்லக் கூடாதா?"

எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வீம்புக்காரர், பழி வாங்குகிறார் என்று வீட்டில் போய்ப் பொரிந்து தள்ளினேன். என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, நீ கேட்டதைத்தானே அந்த மனுஷன் செய்கிறார் என்றார். அன்றைக்கு அவருக்கு இரண்டாவது தடவை ரசம் ஊற்றவில்லை.

செவ்வாய்க்கிழமை பனி கனமாக இறங்கியிருந்தது. காட்டோரத் திருப்பம் நெருங்கும்போது டிரைவர் திரும்பி, நிறுத்துவதா வேண்டாமா என்று கேட்டார். குற்றம் என்று தீர்ப்பு வராத வரைக்கும் அவளுக்கு நிறுத்தம் உண்டு, நிறுத்து என்றார் இன்சார்ஜ். பிறகு எங்களைப் பார்த்து, ஆனால் இரண்டு நிமிடம்தான், அதுதான் இன்றைக்கும் சட்டம் என்றார். தன் கைக்கடிகாரத்தைச் செல்போன் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டார்.

பாதையில் வெளிச்சமில்லை. ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தோம். வரவில்லை என்றாலும் வெளிச்சம் இருக்காது, யானைக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் இருக்காது. ஹாரன் அடிக்கப் போன டிரைவரின் கையை இன்சார்ஜ் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை பஸ் போய்விட்டால் அவள் திரும்பி நடக்கப்போவது வீட்டுக்கு மட்டுமில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

இன்சார்ஜ் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரும்பினால் அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவரால் முடியாது, பெஞ்சாலும் முடியவில்லை. முடிகிறவர்கள் இத்தனை பேரும் ஸ்வெட்டருக்குள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

எழுந்து நின்றேன். இரண்டு நிமிடம் என்கிற சட்டத்தை மாற்ற வேண்டும் என்றேன். யானை இறங்கியிருக்கிற காலத்தில் இந்தத் திருப்பத்தில் அவள் வரும்வரை, அல்லது வரவில்லை என்று நிச்சயமாகத் தெரியும்வரை பஸ் நிற்கும், அந்தப் பிந்தலை அவள் கணக்கில் சேர்க்கக் கூடாது. அரை நாள் போனால் எல்லாருக்கும் போகும், அதையும் யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். இந்தத் தடவை ஐந்து மதிப்பெண் விடை இல்லை.

உடனே யாரும் கை தூக்கவில்லை. அரை நாள் என்பது சின்ன விஷயமில்லை. எனக்கு முன் சீட்டிலிருந்த தூத்துக்குடி அண்ணாச்சி மஃப்ளரை அவிழ்த்தார். நேற்று அவளுக்கு எதிராகச் சொன்ன மனிதர்.

"நேத்து சட்டம் அப்படி இருந்துச்சு, அப்படித்தான் சொன்னேன். சட்டத்தையே மாத்துதோம்னா எனக்கும் ஒரு கை உண்டுல்லா" என்று சொல்லிவிட்டு வலது கையை நேராகத் தூக்கினார்.

பிறகு ஃபிட்டர் தூக்கினார். கேன்டீன் அக்கா ஒரு கையில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு மறு கையைத் தூக்கினாள். கெலமங்கலத்திலிருந்து தூங்கிக்கொண்டே வந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர் இடித்து எழுப்ப, விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தூக்கினார்கள். இன்சார்ஜ் உள் விளக்கைப் போடச் சொன்னார். தன் கையை அவர் தூக்கவில்லை, எண்ணுகிறவர் கடைசியில்தான் தூக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு வரிசை விடாமல் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனார். பெரும்பான்மை வந்த பிறகும் எண்ணுவதை நிறுத்தவில்லை.

அவர் பின்வரிசையை எண்ணிக்கொண்டிருக்கும்போது படிக்கட்டில் சத்தம் கேட்டது. அவள்தான். சேலையெல்லாம் ராகித் தாள் ஒட்டியிருந்தது, டார்ச்சை அணைத்த மேனிக்கு நெஞ்சோடு பிடித்திருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறியவள், பளிச்சென்ற வெளிச்சத்தில் பஸ் முழுக்க ஆட்கள் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்துப்போனாள். எங்களில் ஒருத்தருக்கும் கையை இறக்கத் தோன்றவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், இன்சார்ஜைப் பார்த்தாள். பிறகு எதற்கென்று தெரியாமலே, டார்ச்சோடு தன் கையையும் தூக்கினாள்.

"உன்னையும் சேத்துக்கிட்டேன், உக்காரும்மா" என்றார் இன்சார்ஜ்.